ஆய்வு தயார், ஆய்வாளர் டியூஷனில்

கோலாலம்பூர்ச் செந்தூலில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமே கிடையாது. ஜாலான் ஈப்போவில் தொடங்கிச் செந்தூல் பாசார் வரைக்கும் நடந்து பாருங்கள், நகலெடுக்கும் கடை ஒவ்வொன்றும் ஒரு பல்கலைக்கழகம். கண்ணாடியில் எழுதி ஒட்டியிருப்பார்கள்: பாஸ்போர்ட் படம், லாமினேட், பைண்டிங், ஃபோலியோ. முதல் மூன்றுக்கும் முகத்தையோ தாளையோ நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். நான்காவதற்கு எதுவும் வேண்டாம். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளியின் சின்னம், இவ்வளவுதான். நாளைக்குச் சாயங்காலம் சுருள்கம்பி கோத்த பளபளப்பு அட்டைக்குள் முழு ஆய்வும் வந்துவிடும். நோக்கம் உண்டு, ஆய்வு முறை உண்டு, கண்டறிந்தவை உண்டு, முடிவுரை உண்டு, மேற்கோள் நூல்களின் பட்டியல்கூட உண்டு. ஆய்வு செய்தவர் மட்டும் இல்லை.

அவர் எங்கே என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு தகப்பனார். நான் எழுதுகிறவன் என்று யாரோ அவரிடம் கோள் மூட்டியிருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு கதவைத் தட்டினார்.

"அண்ணே, பையனுக்கு ஒரு ஃபோலியோ. செந்தூல் வரலாறு. திங்கக்கெழம அனுப்பணும்."

"பையனை வரச் சொல்லுங்க, பேசுவோம்."

"அவனுக்கு எங்கண்ணே நேரம்? டியூஷன்ல இருக்கான்."

"என்ன டியூஷன்?"

"வரலாறு."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது? வரலாற்றுக்கு டியூஷன் போக வேண்டியிருப்பதால் வரலாற்றைத் தேடிப் பார்க்கப் பிள்ளைக்கு நேரமில்லை. படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டுமானால் வரலாற்றில் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2013-இலிருந்து அரசாங்கம் சொல்லிவிட்டது. அதனால் மனப்பாடத்துக்கு ஓர் ஆளுக்குக் காசு கொடுக்கிறோம், ஆராய்ச்சிக்கு இன்னோர் ஆளுக்குக் காசு கொடுக்கிறோம். பிள்ளை நடுவில் உட்கார்ந்து, இரண்டு இரசீதுகளையும் பார்த்துக்கொண்டு வளர்கிறான்.

இந்த ஃபோலியோ வேலை எதற்காக வந்தது என்பதை நினைவுபடுத்தினால் கல்வியமைச்சில் இருப்பவர்களுக்கே வியப்பாக இருக்கும். ஒரே நாள் தேர்வு பிள்ளையை அளக்காது, அவன் நாலு பேரிடம் கேட்டு, நாலு இடம் போய்ப் பார்த்து, தன் மொழியில் எழுதட்டும் என்பதுதான் எண்ணம். படிவம் மூன்றின் பி.எம்.ஆர். தேர்வுக் காலத்திலேயே 'கெர்ஜா குர்சுஸ்' என்ற இடுபணி உண்டு. குடும்ப வரலாறு, உள்ளூர் வரலாறு, ஒரு தலைவர், ஒரு பழங்கட்டடம் என்று ஏதாவது ஒன்றைப் பிள்ளைகள் தேடி எழுத வேண்டும். 2013-இல் பி.எம்.ஆர். முடிந்தது. 2014-இல் அதன் இடத்துக்குப் பி.டி.3 வந்தது, தொடக்கத்தில் வரலாறும் புவியியலும் எழுத்துத் தேர்விலிருந்து இடுபணிக்கு மாறின. குருட்டு மனப்பாடம் ஒழிந்தது என்று கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் மாதிரி விடைகள் வலைப்பூக்களில் ஏறிவிட்டன. தேர்வு மேசையில் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினால் குற்றம், தேசம் முழுக்க ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதினால் பாடத்திட்டச் சீர்திருத்தம்! படிவம் ஐந்தின் கூடுதல் கணிதத் திட்டப்பணிக்கும் ஆண்டுதோறும் இதே மரியாதைதான் நடந்தது. 2022-இல் பி.டி.3-யையும் எடுத்தார்கள், அதற்கு முந்தைய ஆண்டே தொடக்கப்பள்ளியின் யு.பி.எஸ்.ஆர். போய்விட்டது. தேர்வுகள் போயின. ஃபோலியோ போகவில்லை. வகுப்பறை மதிப்பீடு என்ற புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதே கடையில், அதே சுருள்கம்பியில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு ஃபோலியோவைத் திறந்து பார்ப்போம். முதலில் 'பெங்ஹர்கான்' என்று ஒரு நன்றியுரை. பள்ளி முடிந்து நேராகக் கோயிலுக்குப் போய், நெற்றியில் திருநீறோடு வீட்டுக்கு வருகிற பையனின் பெயர் அட்டையில் இருக்கும். நன்றியுரையின் முதல் வரியோ 'அல்ஹம்துலில்லாஹ்' என்று தொடங்கும். இறைவன் பெருந்தன்மையானவன், யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்வான். அவனுடைய திருப்பெயர் முதல் வரியில் இருப்பதைக்கூடப் பார்க்காமல் அச்சடித்துக் கொடுத்த பக்திதான் எந்த மதத்திலும் சேராது. அடுத்த வரியில் 'எனக்கு அயராது வழிகாட்டிய ஆசிரியை' என்று ஓர் அம்மையாருக்கு நன்றி. அந்தப் பெயரில் அந்தப் பள்ளியில் யாரும் கிடையாது. எந்த மாநிலத்தில் எந்தப் பிள்ளைக்கு அயராது வழிகாட்டினாரோ, பாவம், அவர் புகழ் சுருள்கம்பி வழியாக நாடெங்கும் பரவிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் 'மிக நன்று'. ஆக எழுதிக் கொடுத்தவர் வாசிக்கவில்லை, பெயர் போட்டவன் வாசிக்கவில்லை, காசு கொடுத்தவர் வாசிக்கவில்லை, மதிப்பெண் போட்டவரும் வாசிக்கவில்லை. வாசிப்பு மாதத்தை மட்டும் எல்லாப் பள்ளியிலும் பதாகை கட்டிக் கொண்டாடுகிறோம்.

ஆசிரியரை வைய வேண்டாம் என்பார்கள். முழுக்க வையவில்லை. ஐந்து வகுப்பு, வகுப்புக்கு முப்பத்தைந்து நாற்பது பேர் என்றால் மேசையில் இருநூறு ஃபோலியோ வந்து விழும். அதற்கு நடுவில் இணையத்தில் புள்ளி ஏற்ற வேண்டும், விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போக வேண்டும், அதிகாரி வரும்போது சுவரில் அட்டை ஒட்ட வேண்டும். இருநூறையும் படிப்பவர் ஆசிரியர் அல்லர், துறவி. ஆனால் ஐயா, டீச்சர், இருநூறையும் படிக்க வேண்டாம், பிள்ளையை எழுப்பி ஒரே கேள்வி கேட்கலாமே: "இதில் உனக்கே ஆச்சரியமாக இருந்தது எது?" அரை நிமிடம் போதும். கடையில் செய்த ஃபோலியோ அந்த அரை நிமிடத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுவிடும். கேட்பதில்லை. கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் விழுவார்கள், வகுப்பு விழுந்தால் பள்ளி விழும், பள்ளி விழுந்தால் மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வரும். அதனால் எல்லோரும் நின்றுகொண்டே இருக்கிறார்கள், காகிதத்தில்.

இனி எனக்கு வயிறு எரிகிற பக்கத்துக்கு வருகிறேன். 'தெமு புவால்' என்று ஒரு பகுதி இருக்கும், நேர்காணல். சம்பந்தப்பட்ட பெரியவரைச் சந்தித்த படம் ஒன்று கட்டாயம் ஒட்ட வேண்டும். அதைக் கடைக்காரர் தர முடியாது, அதனால் வீட்டில் இருக்கும் தாத்தாவை இழுத்து வருவார்கள். பனியனோடு சாய்ந்திருந்தவருக்கு அவசரமாகச் சட்டை மாட்டி, சோபாவில் உட்கார வைத்து, எதிரே பேரன் குறிப்பேடும் பேனாவும் பிடித்து, தலையைச் சற்றே சாய்த்து, மிகுந்த ஆர்வத்தோடு கேட்பதுபோல ஒரு படம். அம்மா கைப்பேசியில் எடுப்பார். "தாத்தா, பேசுற மாதிரி வாயத் தெறங்க!" தாத்தா வாயைத் திறப்பார். கிளிக். "சரி தாத்தா, போதும்."

போதுமாம்!

அந்த மனிதர் யார் தெரியுமா? செந்தூல் இரயில்வே பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரும்போடு மல்லுக்கட்டியவர். இந்தப் பேட்டை பட்டறையால் பிறந்த பேட்டை. 1901-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வே உருவாகி, அடுத்த சில ஆண்டுகளில் அதன் மத்தியப் பட்டறை செந்தூலில் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் கையில் சம்மட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் கையில் பேனா. ஒரே மொழி பேசிய இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலி உயரம். அந்த உயரம் கல்யாணப் பேச்சு வரைக்கும் எப்படி நீண்டது என்று கேட்டிருந்தால் தாத்தா இரண்டு மணி நேரம் விடாமல் பேசியிருப்பார், பாட்டி இடையில் வந்து மறுத்திருப்பார், அந்த மறுப்பும் ஆய்வில் சேர்ந்திருக்கும். 1945-இல் இந்தப் பட்டறையின் மீது நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. தாத்தாவின் அப்பா அப்போது எங்கே இருந்தார்? ஜப்பான்காரன் சயாம்-பர்மா இரயில் பாதை போட மலாயாத் தமிழர்களை லாரியிலும் இரயிலிலும் அள்ளிக்கொண்டு போனானே, 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது, அதில் போனவர்களில் அவரும் ஒருவரா? போனவர் திரும்பினாரா? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

1969 மே 13 இனக்கலவரம் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அதற்கு ஆறேழு வாரம் கழித்து, ஜூன் 28-ஆம் தேதி, இதே செந்தூலில் மறுபடியும் கலவரம் மூண்டு உயிர்கள் போனதைச் சுருள்கம்பி ஃபோலியோ எதிலும் நான் பார்த்ததில்லை. தாத்தாவுக்கு அப்போது இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். அன்றைக்கு வேலை முடிந்து எந்த வழியாக வீட்டுக்கு வந்தார், யார் வீட்டில் ஒளிந்தார், மறுநாள் யாரை யார் முகம் பார்த்துப் பேசினார்கள்? இதெல்லாம் அவர் நெஞ்சோடு இருக்கிறது. பேரன் ஃபோலியோவில் இருப்பதோ 'செந்தூல் கோலாலம்பூரில் அமைந்துள்ள ஒரு நகர்ப்பகுதியாகும்' என்ற மகத்தான கண்டுபிடிப்பு. அதற்குக் கீழே வாயைத் திறந்தபடி தாத்தாவின் படம், 'நேர்காணப்பட்டவர்' என்ற பட்டத்தோடு.

கிள்ளானில் இருப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்ப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். முன்னின்ற ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள், படையை வைத்துச் சுட்டார்கள். கிள்ளானில் சைக்கிளுக்காக உயிரைக் கொடுத்தவனின் கொள்ளுப்பேரன் 'எனது ஊர்' ஃபோலியோவில் கடல் உணவையும் பேரங்காடியையும் பற்றி எழுதுகிறான். எழுதுகிறான் என்றா சொன்னேன்? மன்னிக்கவும், வாங்குகிறான்.

பட்டறை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. இங்கே இரயில்வே நிலத்தில் அடுக்குமாடிகள், பூங்கா, பழைய இரயில்வே கட்டடத்தில் 2005-இல் திறந்த கலை அரங்கம். நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பழங்கட்டடத்தின் செங்கல் அழகாகத் தெரிகிறது. பிரிக்பீல்ட்ஸில் 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' என்று இரயில்வே, அரசு ஊழியர் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த வீடுகளையும் இடித்தாகிவிட்டது. கட்டடத்தை இடிப்பவன் கம்பெனிக்காரன், அவனைத் திட்டிக் கூட்டம் போடுகிறோம், மகஜர் கொடுக்கிறோம். தாத்தாவின் வாயைப் படம் எடுத்துவிட்டு மூடச் சொல்வது யார்? அதற்கு எந்தக் கூட்டமும் இல்லை. அது நம் வீட்டுச் சோபாவிலேயே, நம் சொந்தச் செலவிலேயே நடக்கிறது.

பிள்ளைக்கு வசதி இல்லை, தேட இடமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். செந்தூல் எல்.ஆர்.டி. நிலையத்தில் ஏறுங்கள். அடுத்த நிலையம் தித்திவங்சா. அங்கே இறங்கினால் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம் இருக்கிறது, தெங்கோலோக் தலைப்பாகை மாதிரிக் கூரை போட்ட கட்டடம், 1994-இலிருந்து உங்கள் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. ஜாலான் டூத்தா என்று நாம் இன்னும் பழக்கத்தில் சொல்கிற சாலையில் தேசிய ஆவணக் காப்பகம், 1957-இல் தொடங்கியது, செந்தூலிலிருந்து கிராப் காரில் போனால் கதை பேசி முடிப்பதற்குள் வந்துவிடும். அவ்வளவு தூரமும் முடியாதா? சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய மலாயாப் பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'தமிழ் முரசு'கூட இருக்கிறது. ஆங்கிலத்தில் செந்தூல் என்று தட்டினால் திருட்டு, தீ விபத்து, கால்பந்து, சங்கக் கூட்டம், வேலைநிறுத்தம் என்று இந்தப் பேட்டையின் நூறு ஆண்டு மூச்சு அங்கே ஓடும். நம் பேட்டையின் வரலாற்றை அடுத்த நாட்டுக்காரன் தூசு தட்டி வைத்திருக்கிறான். நாமோ நகலெடுக்கும் கடையில் நிற்கிறோம்.

பிள்ளைக்கு உதவ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உதவுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். 'செந்தூல் வரலாறு' என்று யானையை முழுங்கப் பார்க்காமல், 'என் தாத்தா பட்டறையில் என்ன வேலை பார்த்தார், ஏன் அந்த வேலை போனது?' என்று கேள்வியைச் சுருக்கிக் கொடுங்கள். தாத்தா சொன்ன ஆண்டு சரியா என்று பழைய பத்திரிகையில் ஒத்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், அங்கேதான் ஆராய்ச்சியே தொடங்குகிறது. எங்கே எடுத்தான் என்று அடியில் குறிக்கச் சொல்லுங்கள். எழுத்து கோணலாக இருக்கட்டும். இதற்குச் சனி, ஞாயிறு இரண்டு மாலை போதும். ஆனால் அந்த இரண்டு மாலையிலும் நமக்குக் கல்யாணம் இருக்கிறது, பிறந்தநாள் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் தமிழினத்தின் தொன்மை பற்றி வந்த செய்தியை நாற்பது பேருக்கு அனுப்பும் கடமை இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு வரலாறு நமக்கு விரல் நுனியில். இரண்டு தலைமுறை வரலாறு சோபாவில்.

இதில் உண்மையாகவே ஆய்வு செய்கிற பிள்ளை ஒருவன் எப்போதும் இருப்பான். அரசு அடுக்குமாடி வீட்டில், அம்மா துப்புரவு வேலைக்குப் போய் வந்து அசந்து கிடக்கும் வீட்டில் இருப்பான். ஃபோலியோவுக்குக் கொடுக்க ஐம்பது வெள்ளி அங்கே கிடையாது. அதனால் வேறு வழியே இல்லாமல் அவன் பாட்டியிடம் கேட்பான், கீழ்வீட்டுப் பெரியவரிடம் கேட்பான், கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதுவான், படம் இல்லாத இடத்தில் தானே வரைவான். வறுமை அவனை ஆராய்ச்சியாளனாக ஆக்கிவிட்டது. பள்ளி அவனுக்கு என்ன கொடுக்கும்? 'நேர்த்தி' என்றொரு கட்டம் மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறது. அட்டை பளபளக்கவில்லை, எழுத்து அச்சில் இல்லை, வண்ணப்படம் இல்லை. குறை. பக்கத்து மேசையில் அல்ஹம்துலில்லாஹ் ஃபோலியோ முழுப்புள்ளி வாங்கும். பதின்மூன்று வயதில் அந்தப் பிள்ளை நம்மிடம் ஒரே பாடத்தை, மறக்கவே முடியாதபடி, கற்றுக்கொள்கிறான். அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம். நாட்டிலேயே மிகச் சிறப்பாக நடத்தப்படும் பாடமும் அதுதான்.

பரிசளிப்பு விழாவையும் பார்த்துவிடுவோம். மாலை போட்டு அழைத்து வருகிற தலைமை விருந்தினர் டத்தோ, டாக்டர். எந்த டத்தோ என்று கேட்கக்கூடாது, எந்த டாக்டர் என்று கேட்கவே கூடாது. சிறந்த ஃபோலியோவுக்கு அவர் கேடயம் கொடுப்பார். வாங்கிய ஆய்வுக்கு வாங்கிய பட்டம் பரிசு தருவதைவிடப் பொருத்தம் வேறு எது? தமிழ்நாட்டுக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஓர் அமைப்பு திரைப்பிரபலங்கள் முதலானோருக்குப் போலி கௌரவ டாக்டர் பட்டங்களை வழங்கியது. பல்கலைக்கழகம் எங்களுக்குத் தெரியாது என்றது, போலீசுக்குப் போனது. அந்த அமைப்பின் பெயரில் ஊழல் எதிர்ப்பும் மனித உரிமையும் இருந்தன. அங்கதம் எழுதுகிற என்னைப் போன்றவர்களின் பிழைப்பில் இப்படி மண்ணைப் போடுகிறார்கள்.

கோலாலம்பூரிலும் குறைவில்லை. 2019 பிப்ரவரியில் துணை வெளியுறவு அமைச்சராக இருந்த மர்சுகி யாஹ்யாவின் கேம்பிரிட்ஜ் பட்டம் எது என்று கிளறியபோது, அது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் இல்லை, அமெரிக்காவில் அதே பெயரை ஒட்டிக்கொண்ட தொலைதூரக் கல்வி நிறுவனம் என்று தெரியவந்தது. 2011-இல் ஜெர்மனியின் தற்காப்பு அமைச்சர் குட்டன்பெர்க், முனைவர் ஆய்வில் அடித்துப் பிடித்து நகலெடுத்தது அம்பலமானதும் பதவி விலகினார். 2012-இல் ஹங்கேரியின் அதிபர் ஷ்மிட் அதே காரணத்துக்காக விலகினார். நம் துணை அமைச்சர் விலகவில்லை. மறு ஆண்டு அரசாங்கமே கவிழ்ந்தபோது எல்லோரோடும் சேர்ந்து இறங்கினார். ஃபோலியோ தலைமுறை இந்தச் செய்தியைச் சரியாகவே படித்துக்கொண்டது.

2014 நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு செப்டம்பரில் யு.பி.எஸ்.ஆர். அறிவியல் தாளும் ஆங்கிலத் தாளும் கசிந்தன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை 30-ஆம் தேதி மறுபடியும் உட்கார வைத்தார்கள். கதை அதோடு முடியவில்லை. கணிதமும், ஆம், தமிழும் அக்டோபர் 9-இல் மறுபடி எழுதப்பட்டன. தாய்மொழித் தாளைக் கூட விட்டுவைக்காத தாய்மொழிப் பற்று. விசாரணையில் பிடிபட்டவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். அந்தத் தாளைக் கசிய விட்டது பன்னிரண்டு வயதுப் பிள்ளை இல்லை, பெரியவர்கள். எழுதிக் கொடுப்பவர் பெரியவர், வாங்குபவர் பெரியவர், கண்ணை மூடிக்கொண்டு புள்ளி போடுபவர் பெரியவர், மேடையில் கேடயம் கொடுப்பவர் பெரியவர். பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தே தாரேக் குடித்தபடி, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு உழைப்பே இல்லலா" என்பார்கள்.

சட்டம் போட்ட நாடுகளும் உண்டு. நியூசிலாந்து 2011-இல், அயர்லாந்து 2019-இல், ஆஸ்திரேலியா 2020-இல், இங்கிலாந்து 2022-இல், மாணவருக்குக் காசுக்கு எழுதிக் கொடுப்பதைக் குற்றம் என்றன. அங்கே பணக்காரப் பிள்ளைகளுக்காகக் கென்யாவின் நைரோபியில் பட்டதாரிகள் இரவு முழுக்கக் கட்டுரை எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று படிக்கும்போது ஒரு விஷயத்தில் மனசு ஆறுகிறது. அந்த நைரோபிக்காரன் குறைந்தபட்சம் படித்துவிட்டு எழுதுகிறான். நம் கடைக்காரர் போன வருடக் கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிறார். சட்டத்தை நான் கேட்கவில்லை. சட்டம் வந்தால் முதலில் பிடிபடுவது நகலெடுக்கும் கடையில் மணிக்கூலிக்கு நிற்கும் பெண்தான், டத்தோ டாக்டர் அல்ல.

இப்போது 2022 நவம்பருக்குப் பிறகு சாட்ஜிபிடி வந்து எல்லோருக்கும் ஒழுக்க உணர்வு பீறிட்டு அடிக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாணவர்களின் சிந்தனையைக் கொல்கிறது என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். கொல்வதற்கு எதை மிச்சம் வைத்திருந்தீர்கள்? இருபது ஆண்டாக ஐம்பது வெள்ளிக்குச் செய்ததை இயந்திரம் இலவசமாகச் செய்கிறது, கோபம் அதில்தான். 'இயந்திரம் பொய் சொல்கிறதாம், இல்லாத புத்தகத்தை மேற்கோள் காட்டுகிறதாம்!' அடடா. சுருள்கம்பி ஃபோலியோக்களில் அயராது வழிகாட்டிய அந்த அம்மையாரை அப்போது என்ன என்று சொல்வது?

கதவைத் தட்டிய தகப்பனாரிடம் பையனோடு தாத்தாவையும் கூட்டி வாருங்கள், மூன்று பேரும் பேசட்டும், நான் கேள்வி கேட்க மட்டும் சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. இலவசம் என்றால் தரம் இருக்காது என்று நினைத்தாரோ, இல்லை தாத்தா உண்மையாகவே வாயைத் திறந்துவிடுவார் என்று பயந்தாரோ. "சரிண்ணே, பாக்குறேன்," என்று போனவர் பார்க்கவில்லை. இந்த வாரம் அந்தப் பக்கம் போனபோது நகலெடுக்கும் கடையின் கண்ணாடியில் பழைய விலைப்பட்டியலுக்குக் கீழே புதுத்தாள் ஒட்டியிருந்தார்கள். சாட்ஜிபிடியில் நீங்களே எழுதி எடுத்து வந்தால், மாணவர் எழுதியதுபோலப் பிழைகள் சேர்த்துத் தரப்படும். பைண்டிங் தனி.